மேவிஸின் வழக்கும் என் வேண்டுதலும்

1

இன்று காலை பக்கத்து வீட்டு மேவிஸ் ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே வெள்ளைக் கிரீமில் ஒரு மொட்டைத் தலை, இரண்டு கண், காது வரைக்கும் ஒரு சிரிப்பு. பொட்டுக்கு ஒரு செர்ரிப் பழம். அது என் தலையாம். போன வருடம் இதே வாரத்தில்தான் நான் மொட்டை போட்டேன். அதைக் கொண்டாட வந்திருக்கிறாள்.

என் மகள் மலர் அதைப் பார்த்துவிட்டு, “யம்மா, உனக்கு இந்த ஊர்ல சிலையே வெச்சிட்டாங்க. வெட்டித் துன்றதுதான் பாக்கி” என்றாள்.

நான் ஏன் மொட்டை போட்டேன், அதை எதற்கு ஒரு வெள்ளைக்காரி கொண்டாடுகிறாள் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

2

என் பெயர் அஞ்சலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் நிலம். வரப்பில் நின்றால் கல்வராயன் மலை எதிரே தெரியும். வீட்டுக்காரர் போன பிறகு, நர்ஸ் வேலை பார்க்கிற மகளோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டேன். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர்.

விசா ஆபீசில் ஒரு பெண் என் பேப்பரைப் பார்த்துவிட்டு, நீயும் உன் வீட்டுக்காரரும் உன் நாத்தனாரும் ஜூன் மாதத்திலேயே பிறந்திருக்கிறீர்களே, அது எப்படி என்று கேட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் சேர்க்க வந்த பிள்ளைகளையெல்லாம் ஜூன் மாதத்தில்தான் பிறக்க வைப்பார். அதை மலர் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. வந்த புதிதில், இலை தழை மட்டும் போட வேண்டிய பச்சைக் குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கைப் போட்டு நகராட்சியிடமிருந்து எச்சரிக்கை வாங்கினேன். பேரன், மலரின் பையன், வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். “சாப்ட்டாச்சு”, “சரி ஆயா”. அவனுடைய தமிழ் அதோடு முடிந்துவிடும். மீதி நேரம் அவன் சிரிப்பான், நான் சிரிப்பேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

மேவிஸ் எனக்குப் பழக்கமானது எலுமிச்சையால். அவள் வீட்டு மரம் எங்கள் வேலிக்குள் காய்த்துக் கொட்டியது. ஊறுகாய் போட்டு ஒரு பாட்டில் கொடுத்தேன். அதை அவள் ரொட்டியில் ஜாம் மாதிரித் தடவி ஒரே வாயில் கடித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். ஆனாலும் கீழே வைக்கவில்லை. இவள் நம்ம ஆள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் என்னை “அஞ்சு” என்பாள். எனக்கு அவள் இங்கிலீஷ் பாதி புரியும். மீதியை மலர் சொல்லுவாள்.

3

மேவிஸுக்கு அப்பா கிடையாது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அரசாங்கத்து ஆட்கள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். ஆறேழு வயதுப் பெண். இல்லத்தை நடத்தியவர்கள் வேறு யாரோ. பிள்ளையைக் கொண்டுபோய் ஒப்படைத்தது அரசாங்கம். உள்ளே அடி, பட்டினி, மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டு அறையில் போட்டுப் பூட்டுவது.

எப்போதாவது ஒரு முறை அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா பார்வையிட வருவாளாம். அப்படி வந்த ஒரு நாள் மேவிஸ் அவள் கவுனைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த அம்மா இல்லத்துத் தலைவியைப் பார்த்து, இந்தப் பிள்ளை பொய் சொல்லுமா என்று கேட்டாள். இதற்கு அதுதான் வேலை என்றாள் தலைவி. இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எழுபது தாண்டின பிறகு மேவிஸும் அங்கே வளர்ந்த இன்னும் சிலரும் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். வேலியோரம் நின்று இதைச் சொன்னபோது, “உனக்கு இன்னா வேணும்னு கேளுடி” என்று மலரிடம் சொன்னேன்.

மேவிஸ் யோசிக்கவே இல்லை. மலர் அதை அப்படியே எனக்குச் சொன்னாள்: “பணம் குடுத்தா கூரைய மாத்திக்குவாங்களாம், ஒழுவுதாம். ஆனா கேக்கறது அது இல்லியாம். பொய் சொல்ற புள்ளன்னு சொன்ன அதே கவர்மெண்ட்டு எதிர்ல வந்து நின்னு, ‘நீ சொன்னது நெசம்’னு வாயால சொல்லணுமாம்.”

அரசாங்கத்து வக்கீல் அதற்குப் பதில் வைத்திருந்தார். அடித்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள். இல்லத்தை நடத்தியது நாங்கள் இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளை எல்லா இடத்திலும் அப்படித்தான் வளர்த்தார்கள். இதை மலர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், கச்சிராயபாளையம் ரோட்டில், ஜீப்பில் வந்த ஒருவர் வாயிலிருந்து.

4

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டை பக்கமிருந்து ஒரு வண்டி வராது. போலீஸ் வரும் என்று ஆம்பிளைகள் கரும்புக் கொல்லையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். வீட்டில் நானும், வீட்டுக்காரரின் தங்கை பச்சையம்மாவும், கைக்குழந்தையாக மலரும்தான்.

எங்கள் நிலத்துக்கு அந்தப் பக்கம் மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு அரசாங்க விடுதி இருந்தது. ரோடு அடைபடுவதற்கு முன்னாலேயே வார்டன் ஊருக்குப் போய்விட்டார், சமையல்காரரும் போய்விட்டார். திரும்பி வர வழியில்லை. உள்ளே பிள்ளைகள் இருப்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஒரு நாள் காலையில் கொல்லையில் பச்சையம்மா கத்துகிற சத்தம். “எவன்டா அவன் மரவள்ளிய புடுங்கறது? கைய ஒடிச்சிடுவேன்!” பிறகு சத்தமே இல்லை. நான் பயந்துபோய் ஓடினேன்.

“அண்ணி, இங்க வந்து பாரேன். பன்னி தோண்டுதுன்னு வந்தேன். எல்லாம் கொழந்திங்க” என்றாள். சேறு ஒட்டின பச்சைக் கிழங்கைத் தோலோடு கடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து ரோடு திறக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளைகள் எங்கள் தெருவில்தான் இருந்தார்கள். ஒரு வீட்டில் கூழ், ஒரு வீட்டில் அவித்த கிழங்கு. அவ்வளவு பயத்துக்கு நடுவில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் தெரு அப்படிச் சிரித்ததே இல்லை. ரோட்டில் ஒரு பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. அதுதான் அவர்களுக்குப் பஸ். பத்து வயது இருக்கும், பொன்னி என்று ஒரு பெண். அவள்தான் கண்டக்டர். கிளையில் ஏறி நின்றுகொண்டு, “கள்ளக்குறிச்சில்லாம் எறங்கு! வெள்ளிமல ஏறு! ஏ பாட்டி, கோழிக்கும் டிக்கெட்டு!” என்று கத்துவாள். பச்சையம்மாவும் ஏறி உட்கார்ந்துகொண்டு, “வெள்ளிமல ஒண்ணு குடு, மாமியாருக்கு டிக்கெட்டு வாணாம், அவ இங்கியே கெடக்கட்டும்” என்பாள். எங்கள் மாமியார் செத்து அப்போது மூன்று வருடம்.

ஆனால் அந்தப் பொன்னி வீட்டுக்குள் படுக்க மாட்டாள். “கதவ சாத்தாதீங்க அத்த, கதவ சாத்தாதீங்க” என்று நடுங்குவாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் பிரம்புத் தழும்பு. பச்சையம்மா மடியில் போட்டுக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

“வார்டன் சாரு அரிசி ரூம்புல போட்டுப் பூட்டிடுவாரு. ஒரு தபா ஆபீசரு வந்தாரு, அவராண்ட சொன்னேன். ‘இன்னாய்யா, இந்தப் பொண்ணு இப்டி சொல்லுது’ன்னு அவரு வார்டன பாத்து சிரிச்சாரு. எளநி குடிச்சிட்டுப் பூட்டாரு.”

ரோடு திறந்ததும் வார்டனும் ஒரு ஆபீசரும் ஜீப்பில் வந்தார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக. பெண்கள் விடவில்லை. நான் கதவுக்குப் பின்னால் பொன்னியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பச்சையம்மா முன்னால் நின்றாள். ஆபீசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வார்டன் செஞ்சா வார்டனத்தாம்மா கேக்கணும். அதுக்கு கவர்மெண்ட் இன்னா பண்ணும்?” என்றார்.

எங்கள் பக்கம் மாட்டை இன்னொருவரிடம் வளர்க்கக் கொடுத்துக் கன்றைப் பங்கு போட்டுக்கொள்வோம். பச்சையம்மா அதை எடுத்தாள். “ஏன் சார், ஒரு மாட்ட வளக்கக் குடுத்தாகூட நாங்க எட்டு நாளைக்கு ஒரு நடை போயி, தண்ணி காட்னானா, புல்லு போட்டானான்னு பாத்துட்டு வருவோம். இவங்க பெத்தவங்க உங்கள நம்பித்தான புள்ளய வுட்டாங்க? இந்தாளு மூஞ்சிக்கா வுட்டாங்க?”

கூட்டம் சிரித்தது. ஆபீசரும் சிரித்தார். சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். வார்டனை வேறொரு விடுதிக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான் நடந்தது. பொன்னியின் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிப் போனார். பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. நான் அவளைப் பார்க்கவும் இல்லை.

5

மேவிஸ் சாட்சி சொல்லப் போன நாளில் என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். கோர்ட்டு வாசலில் என் வளையல் ஒவ்வொன்றுக்கும் சோதனை போடுகிற மிஷின் கத்தியது. எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தேன். அந்த வாட்ச்மேன் மோந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏக்கத்தோடுதான் மூடினான்.

அன்றைக்கு உள்ளே வெளியாட்கள் யாரையும் விடவில்லை. மேவிஸ் தனியாகப் போனாள். நானும் மலரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூடின கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் வேறென்ன இருக்கிறது? எங்கள் ஊர் மாரியாத்தாவிடம் வேண்டிக்கொண்டேன். “ஆத்தா, இவ சொல்றத அவங்க நம்பணும். நம்பிட்டா என் முடிய உனக்குக் குடுக்கறேன்.”

தீர்ப்பு வரச் சில மாதங்கள் ஆயிற்று. அன்று எல்லாரையும் உள்ளே விட்டார்கள். ஜட்ஜ் ஒரு அம்மா. மெதுவாக, வெகு நேரம் வாசித்தாள். மேவிஸ் என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. மலர் என் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“பெத்தவங்களாண்டேர்ந்து புள்ளய வாங்கினு போறவங்க, ஒரு வாசல்ல வுட்டதோட அவங்க வேலை முடிஞ்சிடாதாம். யாரு நடத்துனாலும் பாத்துக்கினே இருக்கணுமாம். பாக்க அனுப்பன ஆளாண்ட புள்ள வாய்வுட்டு சொல்லியிருக்குது, காதுல வாங்கல. அது அலட்சியமாம். அடிச்சவன் செத்தாலும் கவர்மெண்ட்டு சாவலயாம். அதுதான் பொறுப்பாம்.”

“பச்சையம்மா சொன்ன மாட்டு கதயேதான்டி” என்றேன். என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மலருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காவலுக்கு நின்றவர் முறைத்தார். மேவிஸ் எங்களைத் திரும்பிப் பார்த்து, என்னவென்று தெரியாமலேயே அவளும் சிரித்தாள். வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாயிற்று.

அவள் கேட்டபடியே, அரசாங்கத்திலிருந்து ஒருவர் அவள் வீட்டுக்கே வந்து நேரில் மன்னிப்புக் கேட்பார் என்று வக்கீல் சொன்னார். நாளும் குறித்தார்கள்.

6

இப்போது என் வேண்டுதல். ஊருக்குப் போய்ச் செய்ய உடம்பில் தெம்பு இல்லை. இங்கே இருக்கிற கோயிலில் கேட்டோம். முடி எடுக்க இடம் கிடையாது, சுகாதார அனுமதி வேண்டும், அதற்கு நகராட்சிக்கு எழுத வேண்டும் என்றார்கள். கடைசியில் மன்னிப்புக் கேட்க வருகிற அன்றைக்குக் காலையில், கடைத்தெருவில் ஈராக்கிலிருந்து வந்த ஒருவர் வைத்திருக்கிற முடிவெட்டும் கடைக்கு மலர் என்னைக் கூட்டிப் போனாள்.

மொட்டை என்றதும் அந்த ஆள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். என் தோளைத் தொட்டு மலரிடம் ஏதோ மெல்லக் கேட்டார்.

“யம்மா, உனக்கு கேன்சரான்னு கேக்கறாரு.”

“ஐயோ, இல்லன்னு சொல்லுடி. சாமிக்குன்னு சொல்லு.”

சாமிக்கு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. புரிந்துவிட்டது அவருக்கு. மெக்காவுக்குப் போனால் அவர்களும் மொட்டை போடுவார்களாம். அவர் அப்பாவுக்கு அவரே போட்டிருக்கிறாராம். ரேடியோவை நிறுத்திவிட்டு, பூ கிள்ளுகிற மாதிரி எடுத்தார். ஒரு கீறல் இல்லை. காசு கொடுத்தால் வாங்கவில்லை. முடியை ஒரு பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அதை ஆத்தாளிடம் சேர்த்தாயிற்று.

7

வீட்டுக்கு வந்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, சர்க்கரைப் பொங்கலோடு மேவிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

கதவைத் திறந்தவள் என் தலையைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். “யாரு? யாரு?” என்றுதான் கேட்டாள். யார் உனக்கு இப்படிச் செய்தது என்று கேட்கிறாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது.

பின்னால் வந்த மலர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. பார்வையிட வந்த அம்மாவிடம் சொன்ன மறுநாள், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து மேவிஸுக்கு மொட்டை அடித்திருக்கிறார்கள், பொய் சொன்னதற்கு. இதை அவள் கதவை மூடின கோர்ட்டில்தான் சொல்லியிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது.

புடவைத் தலைப்பை எடுத்து மண்டையில் போட்டுக்கொண்டேன். “சொல்லுடி மலரு, அவளுக்கோசரம்தான்னு சொல்லு. நானா ஆசப்பட்டு குடுத்தேன்னு சொல்லு. ஜெயிச்சதுக்குக் குடுத்தேன்னு சொல்லு.”

மலர் சொன்னாள். வேண்டுதலைச் சொன்னாள், பெஞ்சைச் சொன்னாள், கேன்சரா என்று கேட்ட ஈராக்காரரையும் சொன்னாள். அந்த இடத்தில் மேவிஸின் வாய் லேசாகக் கோணியது. பிறகு கையை நீட்டி என் முக்காட்டை விலக்கினாள். வழுவழுவென்றிருந்த தலையைத் தடவிப் பார்த்தாள். விரலில் ஒட்டின சந்தனத்தை மோந்தாள். “எனக்காகவா?” என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தாள். அவள் மூக்கு நுனியில் சந்தனம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தோம், தரையிலேயே உட்கார்ந்துகொண்டு.

அவள் முகம் கழுவ உள்ளே போனாள். மலர் பொங்கலைச் சுட வைக்க அடுப்படிக்குப் போனாள். அப்போது மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன்.

கோட்டுப் போட்ட ஒரு இளவட்டம். கையில் பூங்கொத்து. நெற்றியெல்லாம் வேர்வை. மேவிஸின் வீட்டில், மொட்டைத் தலையோடு, அழுது சிவந்த கண்ணோடு ஒரு கிழவி கதவைத் திறந்தால் அவன் யாரென்று நினைப்பான்? ஒரு மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்துவிட்டான். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. அதோடு, ஒரு ஆள் கும்பிடாத குறையாக நின்று பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. அவன் சொன்னதில் அரசாங்கம் என்பது புரிந்தது. பிள்ளை என்பது புரிந்தது. மன்னிப்பு என்பது புரிந்தது. நீ சொன்னது நிஜம், நாங்கள் கேட்டிருக்க வேண்டும் என்பதும் புரிந்தது. கடைசியில் அவனுக்கே குரல் உடைந்துவிட்டது. நான் பூவை வாங்கிக்கொண்டு, “சரிப்பா, சரிப்பா, அழுவாத” என்றேன்.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். முகத்தில் தண்ணீர் சொட்ட மேவிஸ் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, அவனைத் தடுக்கவே இல்லை. மலர் ஓடி வந்து இன்னார் இன்னாரென்று சொன்னதும் அந்தப் பையன் தக்காளி மாதிரி சிவந்து, பூவைத் திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான்.

மேவிஸ் அவனிடம் ஏதோ சொன்னாள். மலர் எனக்குச் சொன்னாள்: “அது அஞ்சுவாண்டயே இருக்கட்டுமாம். இவங்களுக்கு மொதல்லேர்ந்து சொல்லணுமாம். நிதானமாவாம்.”

அவன் சொன்னான். அவள் எதிரில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னான். நீ சொன்னது நிஜம் என்ற இடம் வந்ததும் மேவிஸ் கையைக் காட்டி நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள். பிறகு எழுந்து போய் நாலு தட்டு எடுத்து வைத்தாள். அந்தப் பையன் மூன்று தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டான்.

எனக்கு வந்த மன்னிப்பை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அது என்னுடையதும் இல்லை. ஒரு பெரிய அரசாங்கம் ஒரு ஆளை அனுப்பி, ஒரு பிள்ளையிடம், நீ பொய் சொல்லவில்லை என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அந்த நேரத்தில் என் மனசில் நின்றது அரிசி ரூமில் அடைபட்ட பெண்தான். அவளுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். பேரன் பேத்திகூட எடுத்திருப்பாள். உங்களில் யாராவது கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் போனால், பொன்னி என்று விசாரித்துப் பாருங்கள். கண்டுபிடித்தால், அவளுக்கு வர வேண்டிய மன்னிப்பை அஞ்சலை அத்தை வாங்கி வைத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்.